பி.பி.யின் ரஷ்யக் கணக்கு: லாபமா, நட்டமா?

கேள்வி: எம்.காம். படிக்கிறேன். பிரிட்டனின் பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் 2022 முதல் காலாண்டு அறிக்கையை வகுப்பில் எடுத்துக்கொண்டோம். ஓர் இடத்தில் 2,040 கோடி டாலர் நட்டம் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் 620 கோடி டாலர் லாபம் என்கிறார்கள். ‘ரெண்டும் சரிதான்’ என்று சொல்லிவிட்டு பேராசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். ஒரே கம்பெனிக்கு, அதே மூன்று மாதத்தில் இது எப்படி சாத்தியம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: பேராசிரியர் சொன்னது சரிதான், கொஞ்சம் விளக்கியிருக்கலாம். எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, விற்று அந்த மூன்று மாதத்தில் பி.பி. சம்பாதித்ததுதான் 620 கோடி. அன்றாடத் தொழிலில் சேராத வரவு செலவுகளை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு அது. ரஷ்யாவில் இருந்த முதலீட்டை ஒரேயடியாகக் கழித்ததால் வந்தது 2,040 கோடி நட்டம்.

ரஷ்ய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள ரோஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தில் பி.பி.க்கு 19.75 சதவீதப் பங்கு இருந்தது. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்து மூன்று நாள் கழித்து, 2022 பிப்ரவரி 27 அன்று, அந்தப் பங்கிலிருந்து வெளியேறப்போவதாக பி.பி. அறிவித்தது. ரோஸ்நெஃப்ட் இயக்குநர் குழுவிலிருந்து பி.பி.யின் அப்போதைய தலைமை அதிகாரி பெர்னார்ட் லூனியும் முன்னாள் தலைமை அதிகாரி பாப் டட்லியும் அன்றே விலகினார்கள். இதற்காக அந்தக் காலாண்டில் வரிக்கு முன் 2,550 கோடி டாலர் கழிக்கப்பட்டது.

அந்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள். சுமார் 1,350 கோடி, பங்கின் புத்தக மதிப்பு. இனி அது தேறாது என்று முழுவதும் எழுதித் தள்ளிவிட்டார்கள். இன்னொரு 1,110 கோடி, ரூபிளின் வீழ்ச்சியால் வந்தது. பாக்கி, ரோஸ்நெஃப்டுடன் கூட்டாக ரஷ்யாவில் நடத்திய மற்ற தொழில்களுக்கானது.

நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது அந்த 1,110 கோடியைத்தான். பி.பி. இந்தப் பங்கைப் பெற்ற 2013-ல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 31 ரூபிள். 2021 முடிவில் 74, 75 ரூபிள். ரஷ்யாவில் 3,100 ரூபிள் பெறுமானமுள்ள சொத்து, ரூபிள் கணக்கில் அப்படியே இருந்தாலும், 2013-ல் 100 டாலர். 2021-ல் 42 டாலர்கூடத் தேறாது. இந்த நட்டம் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்துகொண்டேதான் வந்தது. ஆனால் கணக்கியல் விதிப்படி அது லாப நட்டக் கணக்குக்கு வராமல், இருப்புநிலைக் குறிப்பில் பங்குதாரர் நிதியின்கீழ் ‘அன்னிய நாணய மாற்று இருப்பு’ என்ற தனித் தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலீட்டை விற்றாலோ, அந்த நிறுவனத்தின்மீது இருந்த செல்வாக்கை இழந்தாலோ, அத்தனையும் லாப நட்டக் கணக்கில் வந்து இறங்கும். இயக்குநர்கள் இருவரும் விலகியதோடு செல்வாக்கு போயிற்று. ஒன்பது ஆண்டு நட்டம் ஒரே காலாண்டில் வெளிப்பட்டது.

முழு ஆண்டுக் கணக்கிலும் இதே கதைதான். 2022-ல் தொழில் லாபம் 2,770 கோடி டாலர், அதுவரை பி.பி. காணாத உச்சம். போரால் எண்ணெய், எரிவாயு விலை எகிறியதே காரணம். ரஷ்யக் கழிவையும், அன்றாடத் தொழிலில் சேராத மற்ற இனங்களையும் சேர்த்துப் பார்த்தால் அதே ஆண்டுக்கு சுமார் 250 கோடி டாலர் நட்டம்.

கேள்வி: சும்மா எழுதித் தள்ளுவதற்குப் பதில் யாருக்காவது விற்றிருக்கலாமே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கூட்டுப் பட்டாவில் ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பத்திரத்தில் பெயர் இருக்கும். வாங்க ஆள் வர வேண்டும், பெரிய பங்காளியும் ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே பெரிய பங்காளி ரஷ்ய அரசு. மேற்கத்திய நிறுவனங்கள் பொருளாதாரத் தடைக்குப் பயந்து கிட்டவே வரவில்லை. ‘நட்பற்ற நாடுகளின்’ முதலீட்டாளர்கள் தங்கள் சொத்தை விற்க அரசின் அனுமதி வேண்டும் என்று மாஸ்கோவும் பூட்டுப் போட்டது. அவர்களுக்கான டிவிடெண்டும் ‘சி’ வகை வங்கிக் கணக்கில் ரூபிளாக முடங்கியது. அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. 2022 முடிந்தபோதும் அந்தப் பங்கு பி.பி. பெயரில்தான் இருந்தது.

ஆனாலும் பி.பி.யைப் பார்த்து ரொம்பவும் பரிதாபப்பட வேண்டாம். 2003-ல் ரஷ்யப் பணக்காரர்களுடன் டி.என்.கே.-பி.பி. என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, சுமார் 800 கோடி டாலர் போட்டது. கூட்டாளிகளுடன் சண்டை முற்றி, அப்போது அந்த நிறுவனத்தை நடத்திய இதே டட்லி 2008-ல் ரஷ்யாவை விட்டே கிளம்ப வேண்டியிருந்தது. அப்படியும் பத்தாண்டுகளில் டிவிடெண்டாக மட்டும் சுமார் 1,900 கோடி டாலர் கைக்கு வந்தது. 2013-ல் தன் பாதியை ரோஸ்நெஃப்டுக்கு விற்றபோது சுமார் 1,200 கோடி டாலர் ரொக்கமும் ரோஸ்நெஃப்ட் பங்குகளும் கிடைத்தன. போட்ட பணம் பல மடங்கு திரும்பிவிட்டது. ரொக்கமாக எடுத்தது மிஞ்சியது, பங்காக விட்டுவைத்தது போயிற்று.

கேள்வி: என்னிடம் ஓ.என்.ஜி.சி. பங்குகள் உள்ளன. அதன் ரஷ்ய முதலீட்டுக்கும் இதே கதி வருமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுப் பிரிவான ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு சகலின்-1 திட்டத்தில் 20 சதவீதமும், வான்கோர் வயலில் 26 சதவீதமும் பங்கு உண்டு. இந்தியா தடை எதுவும் விதிக்கவில்லை. ரஷ்யாவும் இந்தியாவை நட்பு நாடாகவே பார்க்கிறது. அதனால் பி.பி. போல ஒரே நாளில் கைகழுவும் நிலை இல்லை. ஆனால் டிவிடெண்ட் விஷயத்தில் சிக்கல் உண்டு: நம் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு ரஷ்யாவில் சேர்ந்த பல நூறு மில்லியன் டாலர், பணம் அனுப்பும் வழிகள் அடைபட்டதால் அங்குள்ள வங்கியிலேயே தேங்கியது.

போர் இல்லாமலே கையைச் சுட்ட அனுபவமும் உண்டு. சைபீரியாவின் தோம்ஸ்க் பகுதியில் வயல்கள் வைத்திருந்த இம்பீரியல் எனர்ஜியை 2009-ல் சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கியது விதேஷ். எதிர்பார்த்த அளவு எண்ணெய் வரவில்லை, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. தன் அறிக்கையில் இந்தக் கொள்முதலைக் கண்டித்தது.

ஆண்டறிக்கை வந்ததும் முதல் பக்க லாபத்தோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு இடங்களைப் பாருங்கள்: அன்னிய நாணய மாற்று இருப்பில் எவ்வளவு நட்டம் சேர்ந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து டிவிடெண்ட் எவ்வளவு ரொக்கமாக இந்தியா வந்து சேர்ந்தது. முதலாவது ஏறி, இரண்டாவது இறங்கிக்கொண்டே போனால், அந்த முதலீட்டின் புத்தக மதிப்பை நம்பிப் பங்கு வாங்காதீர்கள்.