ஐஸ்பெட்டிக்கு ஓர் உறை

அன்புக் கண்ணம்மா,

சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் ஐஸ்பெட்டிக்கு அரக்குநிறச் சுங்குடியில் உறை போட்டு, பசை தடவி ஒட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடு. ஆனால் ஒட்டாதே, கழற்றி மாட்டும் சட்டையாகத் தை. மூடிக்கு மட்டும் சுங்குடி வேண்டாம், வெளுத்த காடாத்துணி போதும்.

காரணம் சொல்கிறேன். 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ ஐஸ் முழுவதும் உருகப் பிடிக்கும் வெப்பம், 1 கிலோ தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதும். சில கிலோ ஐஸ் அரைநாள் தாக்குப்பிடிப்பது அதனால்தான். அந்தக் கையிருப்பை வெட்டவெளியில் வேகமாகக் கரைப்பது, மூடிமேல் நேராக விழும் வெயில். அரக்குத் துணி அந்த வெயிலை வாங்கிச் சூடேறும். வெள்ளைத் துணி பெரும்பகுதியைத் திருப்பிவிடும். துணி எந்த நிறமானாலும் போர்வைதானே, குளிர்ச்சியைக் காக்காதா என்பாய். காக்கும், ஆனால் மிகக் கொஞ்சம். பெட்டிச் சுவரில் இருக்கும் நுரைக்கு முன்னால் ஒரு பருத்தித் துணி எம்மாத்திரம்? மண்பானைக்குச் சுற்றுவதுபோல் நனைத்துப் போட்டால் என்ன என்றும் தோன்றும். பானையில் ஈரம் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சி ஓட்டின் வழியே தண்ணீருக்கு இறங்குகிறது. இங்கே நடுவில் நுரை நிற்கிறது. கடற்கரைப் புழுக்கத்தில் துணி சீக்கிரம் காயவும் காயாது. சாயம் இறங்கிப் பாயெல்லாம் அரக்காகும்.

அழகு குறையுமே என்று வருந்தாதே. சுங்குடியின் அழகு பக்கவாட்டில்தான் கண்ணில் படும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து எடுத்த புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இராது. அந்தப் புள்ளி வரிசையை நான்கு பக்கமும் பட்டையாக ஓடவிடு, கீழே ஒரு சாண் கரை வரட்டும். அதைப் பசையில் ஊறவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தெர்மாகோல் பெட்டியாக இருந்தால் ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் அதையே அரித்துவிடும். பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டினாலும் மோர் சிந்தினால் துவைக்க வழியில்லை. ஈரம் உள்ளே தங்கிப் பூசணம் பிடிக்கும்.

வெட்டுவதற்கு முன் இரண்டு துணியையும் தனித்தனியாக அலசிக் காயவை. கஞ்சி போய், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கட்டும். சுற்றளவு 60 அங்குலமென்றால் தையலுக்கு ஒன்று, தளர்வுக்கு ஒன்று சேர்த்து 62 வெட்டு. மூடிக்குத் தனி உறை, விளிம்பில் எலாஸ்டிக். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் திறக்கும் ஒவ்வொரு தடவையும் துணி இழுபடும், மூடி சரியாகப் படியாது. அந்த இடுக்கில் நுழையும் சூடு உன் உழைப்பை வீணாக்கும். தண்ணீர் வடியும் துளைக்கு நேரே துணியை வட்டமாக வெட்டிக் காஜா அடித்துவிடு. காடா மிஞ்சினால் நான்காக மடித்துக் கைப்பிடியில் சுற்றித் தை. ஐஸ் நிரம்பிய பெட்டியைத் தூக்கும்போது கை அறுபடும்.

அன்புடன்,
பெரியம்மா