மூளையும் ரசாயனமும்: மூன்று கேள்விகள்

மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் சில வேதியியலைச் சேர்ந்தவை. சில மனித மூளையைப் பற்றியவை. இவை வெவ்வேறு பாடங்கள் போலத் தோன்றலாம். ஆனால் மூளை வளர்வதும் வேலை செய்வதும் ரசாயன மாற்றங்களால்தான். இதனை விளக்கும் மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: மூளையில் செய்திகள் மின்சாரமாகச் செல்கின்றன என்கிறார்கள். அப்படியானால் ரசாயனத்துக்கு அங்கே என்ன வேலை?

விடை: நரம்பணுவின் நீண்ட இழை வழியே செய்தி மின்துடிப்பாகத்தான் செல்கிறது. ஆனால் பெரும்பாலான நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் சுமார் 50,000-இல் ஒரு பங்கு இடைவெளி உண்டு. இழையின் நுனியில் சுரக்கும் ஒரு ரசாயனப் பொருள் இந்த இடைவெளியைக் கடந்து சென்று அடுத்த அணுவைத் தூண்டுகிறது அல்லது அடக்குகிறது.

நரம்புகள் ரசாயனத்தின் மூலம் செய்தி சொல்கின்றன என்பதை 1921-இல் ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி என்பவர் மெய்ப்பித்தார். துடித்துக்கொண்டிருந்த இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் வைத்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு குறைந்தது. அதைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பு எதையும் தூண்டாமலே அதன் துடிப்பும் குறைந்தது! கரைசலில் கலந்திருந்த பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெரிந்தது. 1936-இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கேள்வி: குளிர்ப் பிரதேசங்களில் கதவைச் சாத்திக் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் இறந்ததாகச் செய்தி படிக்கிறோம். மூச்சு முட்டும்போது அவர்கள் ஏன் விழித்துக்கொள்வதில்லை?

விடை: கரி போதிய காற்றில் எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை இது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. ஆக்ஸிஜனுக்கு இடம் கிடைப்பதில்லை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குத் தேவை. ஆகவே முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளில் ஒன்று மூளை.

மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது ஆக்ஸிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு மிகுவதே ஆகும். அதை உணர்ந்து முகுளம் எச்சரிக்கை செய்கிறது. இந்த நச்சில் கார்பன் டை ஆக்ஸைடு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருப்பதால் அந்த எச்சரிக்கை எழுவதில்லை. தூங்குபவர் அப்படியே மயக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறார். விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே திறந்த வெளிக்கு வந்து மருத்துவரை நாடவேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ ஒருபோதும் இயக்கக்கூடாது.

கேள்வி: உப்பு கடலிலிருந்துதானே வருகிறது? அதில் ஏன் அயோடினைத் தனியே சேர்க்கிறார்கள்?

விடை: கடல்நீரில் அயோடின் உண்டு. ஆனால் உப்பளத்தில் விளையும் உப்பில் நமக்குப் போதுமான அளவு தங்குவதில்லை. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தைராக்ஸின் தயாரிக்க அயோடின் வேண்டும். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர இந்தத் தைராக்ஸின் இன்றியமையாதது. தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றும். பின்னர் அதை முழுதும் சரிசெய்ய இயலாது.

1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், மற்றொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது.

வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம் அயோடின். 70 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தம் 4 கிராம்கூட வராது! ஆனால் ஒரே நாளில் உண்டு சேமித்துவைக்க முடியாது. சிறிது சிறிதாகத் தொடர்ந்து கிடைக்கவேண்டும். உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.