விபத்து - விதியா, வீதியா?



தடுப்பூசி, பிரசவம், பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி என்று பேச வேண்டியவர்கள் ரோட்டைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று கேட்பீர்கள். அம்மையிலிருந்தும் கக்குவானிலிருந்தும் காப்பாற்றி ஆளாக்கிய பிள்ளையை ரோட்டில் பறிகொடுக்கலாமா? உழைத்துப் போடுகிறவர் இடுப்பொடிந்து படுத்துவிட்டால் அந்த வீட்டில் தாலிக்கொடியும் அடகுக்குப் போகிறது. ஆகவே இதுவும் குடும்ப நலம்தான்.

விபத்து நடந்தால் "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறோம். நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரியத்துக்குள் தெருக்கள் வட்டம் வட்டமாகத் திட்டமிட்டு அமைந்தவை. வெளியே வந்தால் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை. வடலூரில் கடலூர் - விருத்தாசலம் சாலை அதைக் குறுக்கே வெட்டுகிறது. பஸ், லாரி, கரும்பு டிராக்டர், சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் ஒரே தாரில். உள்ளே மெதுவாகப் போன அதே ஆள்தான் வெளியே வந்ததும் முறுக்குகிறார். நேராக, அகலமாகக் கிடக்கிற ரோடு வேகத்தைத் தூண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பிள்ளை குறுக்கே வந்ததைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு விநாடி ஆகிவிடும். 30-ல் போனால் ஓடுவது 8 மீட்டர்தான். வேகம் இரு மடங்கானால் மோதும் வலு நான்கு மடங்கு. மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், அதற்கு உயிர் விலையாகக் கூடாது என்று 1997-இல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் முடிவெடுத்து, சாலைகளையே மாற்றியமைக்கத் தொடங்கியது. ஆட்களும் வண்டிகளும் கலந்து போகும் இடத்தில் 30-க்கு மேல் வேகம் வேண்டாம் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு சொன்னது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? ஓர் உயிர் போனதும் மறியல். மறுநாள் ஒரு வேகத்தடை. அதில் வெள்ளைக்கோடும் இல்லை, முன்னால் பலகையும் இல்லை. இரவில் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்து வரும் பெண் அதில்தான் தூக்கி எறியப்படுகிறாள். இதனால் ஆபத்து இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. கேட்பதைச் சரியாகக் கேளுங்கள்: பள்ளி, பஸ் நிறுத்தம் அருகே வர்ணம் பூசிய வேகத்தடை, நடைபாதை, விளக்கு, பாதுகாப்பாகக் கடக்க ஓரிடம். கிராம சபையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுந்து பேசுங்கள். நெடுஞ்சாலை ஊராட்சிக்குச் சொந்தமில்லை. அதற்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வேண்டும். (எள்ளையும் கம்பையும் ரோட்டில் காயப்போடுவதை நாமும் விட வேண்டும்.)

"இந்தா இருக்கிற மந்தாரக்குப்பத்துக்குத்தானே, ஹெல்மெட் எதுக்கு?" என்பவர்கள் உண்டு. மண்டை தூரம் பார்த்து உடைவதில்லை. அவர் போட்டுக்கொண்டு, அம்மாவும் பிள்ளையும் வெறுந்தலையோடு வருவது எந்த ஊர் நியாயம்? 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது 2019-இல் திருத்திய சட்டம். தாடைப்பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழுந்தவுடன் கழன்று ஓடிவிடும். முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள். டேங்கின் மேல் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

அடிபட்டவரைக் கண்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வண்டி வரும்வரை கழுத்தை அசைக்காதீர்கள். "போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே" என்று ஒதுங்க வேண்டாம். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள்.