ஒரு கிராமம் தன் கணக்கைப் பார்த்தது

இங்கிலாந்தின் வடமேற்கிலே, செஸ்ரர் நகருக்கு அண்மையில், ஆஷ்ரன் ஹேய்ஸ் என்றொரு கிராமம் உண்டு. சனத்தொகை ஏறக்குறைய ஆயிரம். ஓர் ஆரம்பப் பாடசாலை, ஒரு தேவாலயம், நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள். வேறு விசேடம் எதுவுமில்லை. அப்படிப்பட்ட ஊரிடம் உலகின் பல பாகங்களிலிருந்தும் ஏறக்குறைய 200 நகரங்களும் மாவட்டங்களும் ஆலோசனை கேட்டிருக்கின்றன. ஏன்?

2005ஆம் ஆண்டில் அவ்வூர்வாசி ஒருவர், முன்பு பத்திரிகையாளராயிருந்தவர், காலநிலை மாற்றம் பற்றிய விவாதம் ஒன்றைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினார். பூமி சூடேறுகிறது, அரசாங்கங்கள் ஏதாவது செய்யவேண்டும் என்று பேசிக் கலைவதுதான் இத்தகைய கூட்டங்களின் வழக்கம். அவருக்கோ வேறோர் எண்ணம் உண்டாயிற்று. நமது ஊர் எவ்வளவு புகையை வானுக்கு அனுப்புகிறது? அதை நாமே குறைத்தாலென்ன? அயலவர் சிலருடன் கலந்து பேசினார். 2006 சனவரியில் ஊர்க்கூட்டம் கூடியபோது ஏறக்குறைய 400 பேர் வந்திருந்தனர். தாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டை இயன்றமட்டும் குறைத்து, மிஞ்சியதை மரங்கள் உள்வாங்கும் அளவோடு சரிசெய்துவிடும் முதலாவது ஆங்கிலக் கிராமமாவது என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு.

இங்கே ஒரு சிறு விளக்கம் அவசியம். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்காற் கிலோ அளவுதான். அதை எரித்தால் வெளிவரும் காபனீரொட்சைட்டோ 2.3 கிலோ. முக்காற் கிலோ எப்படி இரண்டு கிலோவுக்கு மேலாகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எரியும்போது எண்ணெயிலுள்ள ஒவ்வொரு காபன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஒட்சிசன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கூடிய நிறை காற்றிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத வாயு ஆனபடியால் நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவ்வூரார் எடுத்தார்கள். செஸ்ரர் பல்கலைக்கழக மாணவர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டார்கள். மின்சாரம் எவ்வளவு, வீட்டைச் சூடாக்க எரிபொருள் எவ்வளவு, கார் ஓடிய தூரம் என்ன, விமானப் பயணம் எத்தனை? ஆண்டுதோறும் அதே கேள்விகள் கேட்கப்பட்டன. விடைகள் ஊருக்குத் தெரிவிக்கப்பட்டன. முதலாண்டிலேயே 20 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டுகளிலும் குறைப்புத் தொடர்ந்தது.

இது எங்கிருந்து குறைந்தது? புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. காப்பிடாத ஆங்கில வீட்டுக்குள் மூட்டிய வெப்பத்தில் ஏறக்குறைய காற்பங்கு கூரை வழியாகவும் மூன்றிலொரு பங்கு சுவர் வழியாகவும் ஓடிவிடுகிறது. கூரைக்குக் கீழே கம்பளிபோன்ற காப்புப்பொருளை விரித்தால் அந்த ஓட்டம் பெரிதும் அடங்கும். அத்துடன் சிலர் சூரியத் தகடுகள் பொருத்தினர். பலர் விமானப் பயணங்களைக் குறைத்தனர். ஈரத்துணியை இயந்திரத்திலிட்டு உலர்த்தியவர்கள் கொடிகட்டி வெயிலில் உலர்த்தத் தொடங்கினர். (இதைப் படித்து எங்கள் அம்மாமார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!)

என்னைக் கவர்ந்தது இந்த அட்டவணையல்ல, அவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அரசியல்வாதிகள் கூட்டத்துக்கு வரலாம், கேட்கலாம்; பேச இடமில்லை. இரண்டாவது, எவரையும் குற்றஞ்சாட்டக்கூடாது. பெரிய கார் வைத்திருப்பவரை விரல் நீட்டினால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அவருடைய பெரிய காரும் அப்படியே ஓடும். ஒரு திணைக்களம் ஒட்டும் அறிவித்தலை நாம் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, 'எனக்கு இந்த மாசம் கரண்டுக் காசு பாதியாக் குறைஞ்சிட்டுது' என்று சொன்னால், எப்படி என்று கேளாமல் இருக்க முடிகிறதா?

கழிவு விடயமும் இதே கணக்கைச் சேர்ந்ததுதான். பழைய அலுமினியப் பேணியை உருக்கி மீண்டும் அலுமினியமாக்க, மண்ணிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும். ஒரு பேணியை எறிகிறவர் மற்ற 95 சதவீதத்தையும் சேர்த்தே எறிகிறார். ஜப்பானில் 1,500க்கும் குறைவானோர் வாழும் காமிகற்சு என்ற சிற்றூர் 2003இல் கழிவே இல்லாத ஊராவதாகப் பிரகடனம் செய்தது. அங்கே குப்பை வண்டி வீடு வீடாக வராது. சனங்களே கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து வைக்கிறார்கள். முதியோரே அதிகமுள்ள ஊர் அது! எனினும் கழிவில் ஏறக்குறைய 80 சதவீதம் மீள்சுழற்சிக்குப் போகிறது. முழு ஜப்பானுக்கும் அந்த வீதம் 20 அளவில்தான் நிற்கிறது.

நமக்குச் சிக்கனம் தெரியாததல்ல. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அரிதாகியிருந்தது. வெற்று ஜாம் போத்தலிற் சிறிது பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு, திரியேற்றி, அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. ஆனால் அது தட்டுப்பாடு கற்பித்த சிக்கனம். மின்சாரம் வந்ததும் போத்தலும் போயிற்று, பழக்கமும் போயிற்று. ஆஷ்ரன் ஹேய்ஸ் மக்களை எவரும் நெருக்கவில்லை. பணமும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. இருந்தும் குறைத்தார்கள் என்பதே நாம் கவனிக்கவேண்டிய வேறுபாடு.

அவர்களுடைய கதையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. பத்தாண்டு முயன்றும் பெரும்பகுதி மிஞ்சியிருந்தது. மின்சாரத்தை நிலக்கரியில் ஆக்குவதா காற்றில் ஆக்குவதா, ஊருக்கு பஸ் விடுவதா இல்லையா என்பதெல்லாம் ஒரு கிராமத்தின் கையில் இல்லை. தொண்டர்களால் தம் வாசல்வரை கூட்டலாம். அதற்கப்பால் அரசாங்கம் வேண்டும்.

வாசல்வரை கூட்ட விரும்புவோர் அவர்களைப் போலவே அளப்பதிலிருந்து தொடங்கலாம். இன்றிரவு எல்லாவற்றையும் அணைத்துப் படுக்கப்போகுமுன் மின்மானியின் இலக்கத்தைக் குறியுங்கள். காலையில் எழுந்ததும், எதையும் போடுமுன், மறுபடி குறியுங்கள். வித்தியாசம், வீடு முழுவதும் உறங்கியபோது செலவான மின்சாரம். அதில் குளிர்சாதனப் பெட்டியின் பங்கு எவ்வளவு, அணைத்துவிட்டோம் என்று நாம் எண்ணிய தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றின் பங்கு எவ்வளவு என்பதை, மறுநாள் இரவு அவற்றின் செருகிகளைக் கழற்றிவிட்டு மீண்டும் குறித்தால் காணலாம். இலக்கங்களைப் பிள்ளைகளிடம் எழுதக் கொடுங்கள், அவர்கள் தவறவிடமாட்டார்கள்.