பளபளக்கும் பலகையைப் படமெடுக்கும் முறை

முடிவுற்ற பணிகளின் பெயர்ப்பலகையைக் கைபேசியால் படமெடுத்து அனுப்புவது இந்நாளில் கிராம ஊழியர்களின் கடமைகளுள் ஒன்றாகும். எனாமல் வர்ணம் பூசிய பலகை, நேரில் அழகாயிருப்பினும், படத்தில் வெறும் ஒளித்திட்டாக விழுவதுண்டு. ஒருமுறை மதிப்பீட்டுத் தொகை தெரியாத படம் திரும்பி வந்தமையால், கொத்தனார் ஒருவருக்குச் சேரவேண்டிய கூலி தாமதமாயிற்று. அனுப்புமுன் அதனைப் பாராது விட்டது என் பிழையே.

இதன் காரணம் எளிது. வழவழப்பான பரப்பு கண்ணாடியை ஒக்கும். ஒளி எக்கோணத்தில் வந்து படுகின்றதோ, அக்கோணத்திலேயே மறுபுறம் திரும்பிச் செல்லும். ஆதலின் நேர் எதிரே நின்று பிளாஷ் விளக்கை எரியவிட்டால், அவ்வொளி காமிராவுக்கே மீளும்.

ஆகவே ஊழியர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. லென்ஸைத் துடைத்து, பிளாஷை அணைத்துவிடுக.

2. பளபளப்பு கண்ணுக்கு மறையும்வரை பக்கவாட்டில் நகர்ந்து நிற்க. மிகவும் சாய்ந்து நின்றால் எழுத்துகள் குறுகித் தோன்றும்.

3. பலகையில் வானத்தின் பிம்பம் தெரியுமாயின், அத்திசையில் கறுப்புக் குடையொன்றைப் பிடிக்கச் செய்க.

4. திரையில் எழுத்தின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்க.

5. போலரைஸ்டு குளிர்கண்ணாடி இருப்பின், அதனை லென்ஸின் முன் பிடித்து மெல்லச் சுழற்றுக. ஒரு நிலையில் பளபளப்பு பெரிதும் அடங்கும்.

இறுதியாக, படத்தைப் பெரிதாக்கி ஒவ்வோர் இலக்கத்தையும் படித்த பின்னரே அவ்விடம் விட்டு அகல்க. பலகையென்பது ஊர்ப் பணத்துக்கு ஊராரிடம் காட்டும் கணக்கு. அது தெளிவாயிருத்தல் வேண்டும்.