பாலனுக்குக் குளிரும்

குருநகர்,
மார்கழி 2.

என்ரை ராசாத்திக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். பெரியம்மாவின் முழங்காலும் சுகம்தான், மழைக்கு மட்டும் கொஞ்சம் முறுகும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதபோது நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று மனதுக்குள் திட்டியிருப்பாய். எனக்குப் போனில் கதை வராது, பிள்ளை. உன்ரை முகம் ஒரு நிமிடம் தெரியும், பிறகு உங்கள் வீட்டுச் சீலிங் தெரியும், பிறகு சின்னவளின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். மூக்கைப் பார்த்துக்கொண்டு மனிசன் என்ன புத்தி சொல்லுறது? அதுதான் பேனை எடுத்தேன்.

நீ சொன்ன முறைப்பாடுகளை ஒருக்கால் எண்ணிப் பார்த்தேன். கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. பெரியவன் நத்தார் என்று சொல்லாமல் யூல் என்கிறான், தமிழில் செபம் சொல்லச் சொன்னால் ஓடி ஒளிக்கிறான். பின்னேரம் மூன்றரைக்கே இருண்டுவிடுகிறது, வெளியே பனிகூட இல்லை, வெறும் மழை. இதில் மழைக்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் எங்களுக்கும் நத்தார் என்றால் மாரி மழைதானே. கோயிலுக்குப் போகும் வழியில் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு அப்பாத நத்தார் ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பனி கொட்டும் நத்தாரைக் கார்ட்டில் மட்டும்தான் கண்டோம். அதை வைத்துப் பார்த்தால் உன்ரை பேர்கன் குருநகருக்குக் கிட்டத்தான் கிடக்கிறது.

கேலிக்குச் சொல்லவில்லை. நோர்வே எங்களுக்கு முன்பின் தெரியாத நாடில்லை. இங்கிருந்து அந்தோனி ராஜேந்திரம் 1956 இல் அங்கே போனார். நோர்வேயில் குடியிருந்த முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். போனவர் அங்கேயே இருந்துவிடவில்லை. அந்தச் சனத்திடம் காசு சேர்த்து, காரைநகரில் படகு கட்டவும் குருநகரில் வலை பின்னவும் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். வலைத் தொழிற்சாலையில் எத்தனை வருடம் நான் நூலோடு மாரடித்தேன் என்று உனக்குத் தெரியும். யூல் என்ற சொல்லை நான் முதல் கேட்டது உன்ரை மகனிடம் இல்லை, அங்கேதான். பிறகு எண்பதுகளில் எங்கடை பெடியள் வடக்கே வாட்சோ, போட்ஸ்பியோர்ட் என்று வாயில் வராத ஊர்களில் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு நத்தார் மாதத்தில் சூரியனே கிடையாது. உனக்கு மூன்றரை மணி வரைக்கும் இருக்கிறது. அதையும் கணக்கில் எடு.

யூலுக்காகப் பிள்ளையோடு சண்டை பிடிக்காதே. நத்தார் மட்டும் என்ன, தொல்காப்பியர் தந்த சொல்லா? போர்த்துக்கீசர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சொல். நானூறு வருடம் வாயில் போட்டு மென்று எங்கடை சொல்லாக்கிவிட்டோம். பெரியவன் தமிழில் கதைக்கும்போது நத்தார் என்று சொல்லட்டும், பள்ளிக்கூடத்தில் யூல் என்று சொல்லட்டும். ஒரு வாயில் இரண்டு சொல் இருந்தால் பல்லு விழாது. நோர்வேக்காரரின் நத்தார் பாப்பா கதவைத் தட்டி, இந்த வீட்டில் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வருவாராமே. இங்கே பஞ்சுத் தாடி ஒட்டி நான் வந்த வருடம் உனக்கு நாலு வயது. எல்லாப் பிள்ளைகளும் பயந்து ஒதுங்க, நீ மட்டும் கிட்ட வந்து மோந்து பார்த்துவிட்டு, "நத்தார் பாப்பாவிலை சூடை மீன் மணக்குது" என்றாய். ஊர் முழுக்கச் சிரித்தது. அன்றோடு தாடியைக் கழற்றினேன்.

நீ அழுததற்குக் காரணம் கேக் இல்லை என்று எனக்குத் தெரியும். இங்கே இருந்ததைப் போல அங்கே ஒரு நத்தாரை முழுசாகக் கட்டி எழுப்பப் பார்க்கிறாய். கோயில், கரோல், பலகாரம், பெரியம்மா, மாமி, மச்சான்மார், வெடிச் சத்தம் எல்லாம் ஒரு மூன்று அறை வீட்டுக்குள். அது வராது. வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்பதற்கு உன்ரை வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1995 உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. உனக்கு ஆறு வயது.

ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, கொட்டுகிற மழையில், நாவற்குழிப் பாலத்தால் முழு யாழ்ப்பாணமும் இடம்பெயர்ந்து நடந்தது. பாலத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு அடி வைத்தால் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன். உன்ரை அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டித் தள்ளினான். மீசாலையில் ஒரு தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். நத்தார் வந்தது. எங்கள் வீட்டுக் குடில், பாலன், சூசையப்பர், ஒட்டகம் எல்லாம் குருநகரில் அலுமாரிக்குள். மண்ணெண்ணெய் தங்கம் விற்ற விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, கொஞ்ச எண்ணெய் விட்டு எரித்த விளக்கு ஒன்றுதான் வெளிச்சம்.

நீதான் பாலன் எங்கே என்று கேட்டாய். பெரியவர்கள் எல்லோரும் ஆளையாள் பார்த்தோம். பூரான் எடுத்த பாதி ஊமல் ஒன்று முற்றத்தில் கிடந்தது. உன்ரை அம்மா அதைக் கழுவி, உள்ளே கொஞ்சம் வைக்கோல் வைத்தாள். பழைய சீலைத் துண்டைச் சுருட்டி, என் சட்டைப் பையில் கிடந்த வலை நூலால் நான் கட்டிக் கொடுத்தேன். தலை ஒரு பக்கம் சரிந்த பாலன். நீ பார்த்துவிட்டு, "பாலனுக்குக் குளிரும்" என்று சொல்லி, உன்ரை சட்டை நுனியைக் கிழித்துப் போர்த்தினாய். இருந்த சட்டையே இரண்டு. அம்மா அடிக்கக் கை ஓங்கினவள், அப்படியே கையை இறக்கிவிட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

உங்கள் வீட்டில் இப்போது கண்ணாடிக்குள் குடில் வைத்திருக்கிறாய், சின்னவள் தொடக்கூடாதென்று. போட்டோவில் கண்டேன். வடிவாகத்தான் இருக்கிறது. கண்ணாடியை எடுத்துவிடு. ஆட்டுக்கு ஒரு கால் உடையும், ஒரு ராசா கட்டிலுக்கடியில் காணாமல் போவார். போகட்டும். பேர்கனில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இஞ்சிப் பிஸ்கட்டால் ஒரு நகரமே கட்டுவதாக, 1991 இலிருந்து வருடாவருடம் நடப்பதாக நீதானே சொன்னாய். பெரியவன் கட்டின கோயிலின் கோபுரம் சரிந்து நின்றதைக் காட்டி எவ்வளவு பெருமைப்பட்டாய்! அந்தச் சரிவை வீட்டுக் குடிலிலும் விடு.

செபத்தைப் பற்றி. உன்ரை அப்பப்பா எங்களை முழங்காலில் நிறுத்தி ஐம்பத்துமூன்று மணியும் முடித்து, பிறகு பிரார்த்தனை, பிறகு செத்தவர்களுக்கு, பிறகு கடலில் நிற்பவர்களுக்கு என்று இழுப்பார். நான் சுவரில் சாய்ந்து நித்திரை கொள்வேன், உன்ரை அப்பா என் முதுகில் குத்துவான். அதனால் நான் பக்தனாகிவிடவில்லை. ஆனால் கடலில் நிற்பவர்களுக்காக ஒன்று சொல்லும்போது மட்டும் அப்பப்பாவின் குரல் மாறும், அப்போது விழிப்பேன். அது மட்டும் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. எனவே நீட்டாதே. இரவில் ஐந்து நிமிடம் போதும். தமிழில் ஒன்று, அவன் பள்ளிக்கூடத்தில் படித்ததில் ஒன்று. கடைசியில் இரண்டு பெயர்கள் சொல்லச் சொல்லு, இங்கே ஒருவர், அங்கே ஒருவர். பெரியம்மாவின் முழங்காலுக்கு ஒரு நாள் என்றால் அவனுடைய பந்தடிக்காரச் சினேகிதனுக்கு ஒரு நாள். தினமும் செய்தால்தான் ஒட்டும். நத்தார் மாதத்துக்கு மட்டும் பக்தியைத் தூசி தட்டி எடுத்தால் பிள்ளை ஓடத்தான் செய்வான். நானும் ஓடியிருப்பேன்.

இனித் தட்டு. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. நத்தார் காலையில் நாங்கள் வாயில் எதையும் வைப்பதற்கு முன் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டுப் போகும். கொண்டுபோவது உன்ரை வேலை. சில வருடம் திருவெம்பாவை நத்தாரோடு சேர்ந்து வரும். விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஊதி அடித்துக்கொண்டு சைவக்காரர் வீதியால் போவார்கள், நாங்கள் பூசை முடிந்து வருவோம். பக்கத்துச் சைவ வீட்டுத் தட்டில் முட்டை போட்ட கேக் வைக்கமாட்டாள் உன்ரை அம்மா. பயற்றம் பணியாரமும் முறுக்கும் மட்டும். "ஏன் அவையளுக்குக் கேக் இல்லை?" என்று நீ கேட்டதற்கு, "அவை விரதமடி, எங்கடை சந்தோசத்தாலை அவையின்ரை விரதம் முறியக்கூடாது" என்றாள். தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அந்தத் தட்டிலேயே திரும்பி வரும். வெறும் தட்டு ஒரு நாளும் வந்ததில்லை.

உங்களுக்குக் கீழ் வீட்டில் தனியாக இருக்கிற கிழவரைப் பற்றிச் சொன்னாய். மீன் பொரித்தால் மணக்கிறது என்று ஒருக்கால் முறைப்பட்டவர். முறைப்பட்டது அவர் வழியில் சரிதான். ஆனால் கருவாட்டைச் சாம்பல் காரத்தில் ஊறவைத்துக் களி மாதிரியாக்கி நத்தாருக்குத் தின்கிற சனம், எங்கடை சூடை மணக்கிறது என்று சொல்வதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். அவருக்கு ஒரு தட்டுக் கொண்டுபோ. நீ போகாதே, பிள்ளைகளை விடு. உறைப்பில்லாதது வை. முறுக்கைக் கடித்து அவர் பல்லு உடைந்தால் உனக்குத்தான் செலவு, எனவே பயற்றம் பணியாரம். திரும்பி வராவிட்டாலும் அடுத்த வருடமும் கொடு. அவர்கள் பாலில் அரிசியைக் காய்ச்சி, ஒரு வாதுமைக்கொட்டையை உள்ளே ஒளித்து வைத்து, எடுத்தவருக்குப் பரிசு கொடுப்பார்களாமே, அதை வீட்டில் நீயும் செய். பாற்புக்கைக்குள் விளையாட்டு ஒன்று வைத்திருக்கிற சனம் கெட்ட சனமாக இருக்க ஏலாது.

இன்னொன்று. 24 ஆம் திகதி பின்னேரம் அவர்கள் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் திரி கொளுத்தி வைப்பார்கள் என்று சொன்னாய். இங்கே நாங்கள் கார்த்திகை 2 ஆம் திகதி வைப்போம், அவர்கள் நத்தாருக்கு வைக்கிறார்கள். அம்மாவின் கல்லறை இங்கே, நீ அங்கே. அது உனக்கு உறுத்துகிறது, நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். இங்கே அதைப் பார்க்க நான் இருக்கிறேன், புல்லுச் செதுக்கி வெள்ளை அடித்தாயிற்று. அங்கே தூரத்தில் புதைத்தவர்களுக்குத் திரி வைக்கவும் ஒரு இடம் இருக்கும், விசாரித்துப் பார். பிள்ளைகளைக் கூட்டிப்போ. அம்மம்மாவுக்கு என்று சின்னவள் ஒரு திரி வைக்கட்டும். பயப்படமாட்டாள். பிள்ளைகள் சேமக்காலைக்குப் பயப்படுவதில்லை, எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

26 ஆம் திகதி காலையிலும் ஒரு திரி வை. 2004 இல் சுனாமி வந்த அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்களைக் களப்பு காப்பாற்றியது. மணற்காட்டையும் முல்லைத்தீவையும் ஒன்றும் காப்பாற்றவில்லை. நத்தார்ச் சட்டையைத் துவைத்துக் காயவைக்கவும் நேரம் கிடைக்காத சனம். அன்றைக்கு நோர்வேக்காரர் 84 பேரும் செத்தார்கள், பெரும்பாலும் தாய்லாந்துக் கடற்கரையில். கீழ் வீட்டுக் கிழவருக்கும் அது ஞாபகம் இருக்கும். யன்னலில் திரி எரிவதைப் பார்த்து அவர் ஏன் என்று கேட்டால் சொல்லு. அதற்குப் பிறகு மீன் மணத்தைப் பற்றிக் கதைக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. கதைப்பார். ஆனால் வேறு மாதிரிக் கதைப்பார்.

மருமகனை இரவு வேலை முடிந்து வந்ததும் தோரணம் கட்ட ஏணியில் ஏற்றாதே. மனிசன் நித்திரை கொள்ளட்டும். வளைந்த தோரணம் வளைந்தபடி கிடக்கட்டும்.

24 ஆம் திகதி உங்கள் கோயில் மணி பின்னேரம் ஐந்துக்கு அடிக்கும்போது இங்கே இரவு ஒன்பதரை, பெரியம்மா சேலையை மினுக்கிக்கொண்டிருப்பாள். யாகப்பர் கோயிலில் எங்கள் சாமப் பூசை மணி அடிக்கும்போது உங்களுக்கு ஏழரை. அப்போது போனைத் திறந்து வை. முகம் காட்டத் தேவையில்லை, மேசையில் வைத்தால் போதும், மணி கேட்கும். சின்னவள் நித்திரை என்றால் எழுப்பாதே.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பனங்கட்டியைப் பிள்ளைகள் ஒரே நாளில் முடிக்காமல் பார். அடியில் பேப்பரில் சுற்றி ஒரு பாதி ஊமலும் கொஞ்சம் வலை நூலும் இருக்கும். குப்பை என்று எறிந்துவிடாதே.

அன்புள்ள
பெரியப்பா

பிற்குறிப்பு: இது பெரியம்மா சொல்லச் சொன்னது. கேக் குழி விழுந்தது உன்ரை அவசரத்தால். ரவையைப் பட்டரோடு பிசைந்து முதல் நாள் இரவே வைத்துவிட வேண்டும், காலையில் பிசைந்து காலையிலேயே போட்டால் ரவை ஊறாது. முட்டை மஞ்சள் கூட, வெள்ளை குறைய. போரணையை இடையில் திறந்து பார்க்கக்கூடாது. நீ திறந்திருப்பாய் என்று அவள் சத்தியம் பண்ணுகிறாள்.