கடுகெண்ணெய்க் கிண்ணமும் நீலகிரித் தைலமும்

மார்கழி பிறந்தால் கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியெங்கும் ஒரு வாசனை ஏறி வரும். கடுகெண்ணெயில் பூண்டுப்பல்லும் கருஞ்சீரகமும் பொரிகிற வாசனை. யார் வீட்டிலோ ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். மொட்டை மாடி வெயிலில் பாய் விரித்து, குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, கிண்ணத்து எண்ணெய் ஆறிப்போவதற்குள் நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் தேய்ப்பார்கள். 'டாண்டா லேகே ஜாபே', குளிர் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வங்காளிகளுக்கு ஐப்பசி முடியும்போதே வந்துவிடும்.

லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டில் வேறு வாசனை. ஊரிலிருந்து வரும் பெட்டியில் வடாம், காப்பிப்பொடியோடு ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலம் ஒரு குப்பி இருக்கும். சிங்கப்பூரில் உறவிருந்தால் கோடாலித் தைலமும் இருக்கும்.

என் மகள் பிறந்த நாற்பதாம் நாள் அவளுக்கு முதல் ஜலதோஷம் வந்தது. எதிர்வீட்டு வங்காளி மாமி, நாங்கள் மாசிமா என்று கூப்பிடுகிறவர், கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். என் அம்மா தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் கரைத்து வைத்திருந்தாள். இருவருமே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள். யாரிடம் வேண்டாம் என்பது? இரண்டும் தேய்க்கப்பட்டன. நான்காம் நாள் குழந்தையின் கழுத்தும் மார்பும் சிவந்து தடித்துப்போயின. சளி அப்படியேதான் இருந்தது. குழந்தை மருத்துவர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து இந்த எண்ணெய்களைப் பற்றித் தேடிப் படித்தும் கேட்டும் வருகிறேன். மாசிமா சொன்னதில் சரி எது, அம்மா சொன்னதில் தவறு எது என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

நம்பிக்கை: தைலம் தேய்த்தால் நெஞ்சுச்சளி கரைந்து வெளியே வந்துவிடும்.

உண்மை: ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். உடம்பு அவற்றோடு போராடி முடிக்க 7 முதல் 10 நாள் ஆகும். தோலில் தேய்த்த எண்ணெய் மூச்சுக்குழலில் இருக்கும் சளியைத் தொடுவதில்லை. ஆனால் தேய்த்தவுடன் மூக்கு திறந்தாற்போல இருக்கிறதே, அது பொய்யா? இல்லை. அந்த உணர்வு நரம்பில் நடக்கிறது.

கடுகை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு பொருளும் ஒரு நொதியும் ஈரத்தில் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரமான பொருள் பிறக்கிறது. காசுந்தி என்ற கடுகுத் துவையலைத் தொட்டுக்கொண்டு மீன் சாப்பிடும்போது மூக்கில் ஏறுகிறதே, அதுதான். அது தோலில் பட்டால் எரிச்சலை அறியும் நரம்புமுனை விழித்துக்கொள்கிறது, அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, சூடு தெரிகிறது. தைலங்களில் உள்ள மெந்தால் நேரெதிராக, குளிரை அறியும் நரம்புமுனையை எழுப்புகிறது. சூட்டையும் குளிரையும் தொடுகையையும் நரம்பு எப்படி அறிகிறது என்று கண்டதற்குத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் நடத்திய ரொனால்ட் எக்கிள்ஸ், மெந்தாலை முகர்ந்தவர்களின் மூக்கில் காற்று போய்வருவதை அளந்து பார்த்தார். அடைப்பு குறையவில்லை. குறைந்தது போன்ற உணர்வு மட்டும் தெளிவாகக் கூடியது.

அந்த உணர்வை நான் சின்னதாக நினைக்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2 முதல் 11 வயது வரையான 138 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த களிம்பு சிலருக்கு. வெறும் வாசலின் சிலருக்கு. ஒன்றும் தடவாமல் சிலர். மூக்கு ஒழுகுவதில் யாருக்கும் வித்தியாசமில்லை. ஆனால் களிம்பு தடவிய பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள், அவர்களைப் பெற்றவர்களும் தூங்கினார்கள். இரவு முழுக்க மூக்கடைத்து அழும் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தூக்கம் எவ்வளவு பெரியது என்று. அந்த ஆய்வில் இரண்டு வயதுக்குக் கீழே ஒரு குழந்தைகூட இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

நம்பிக்கை: இயற்கையானதுதானே, குழந்தைக்கு ஒன்றும் செய்யாது.

உண்மை: இந்த ஒரு வரிதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது, ஏனென்றால் நாற்பது நாள் குழந்தையின் மார்பில் சூடம் கரைத்த எண்ணெயைத் தடவ நானும் விட்டவள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். வாய் வழியாகப் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவு சின்னக் குழந்தையின் உயிரையே எடுக்கக்கூடியது. பூஜை அறையில் எட்டும் உயரத்தில் இருக்கும் சூடத்தை மிட்டாய் என்று நினைத்துத் தின்ற குழந்தைகளை நம் மருத்துவமனைகள் இன்றும் பார்க்கின்றன. அமெரிக்காவில் எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை 1982இல் தடை செய்தார்கள்; அடுத்த ஆண்டு, எந்தத் தைலத்திலும் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நம் வீட்டு அடுப்பில் சூடத்தைக் கரைக்கும்போது அதை யார் அளக்கிறார்கள்?

நீலகிரித் தைலமும் அப்படித்தான். 1840களில் விறகுக்காக நீலகிரிக்குக் கொண்டுவந்த மரம் யூகலிப்டஸ். அதன் இலையைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் முக்கால் பங்குபோல சினியோல் என்ற பொருள். மலையேறிப் போகிறவர்கள் வாங்கிவரும் குப்பியில் இருப்பது எதுவும் கலக்காத அந்த எண்ணெய். ஒரு தேக்கரண்டி குடித்துவிட்ட குழந்தைகள் வலிப்போடும் மயக்கத்தோடும் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் வேறு மருத்துவமனைகளோடு சேர்ந்து, வலிப்போடு வந்தவர்களிடம் என்ன தைலம் தடவினீர்கள், எதை முகர்ந்தீர்கள் என்று விடாமல் கேட்டார்கள். கணிசமான பேருக்கு வலிப்பு வருவதற்குச் சற்று முன் யூகலிப்டஸோ கற்பூரமோ கலந்த பொருள் பட்டிருந்தது. 2021இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் இந்த இரண்டையும் அவர்கள் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பூண்டு பற்றி ஒரு வார்த்தை. பச்சையாக நசுக்கிய பூண்டைக் குழந்தையின் பாதத்தில் கட்டினால் கொப்புளித்து வெந்துபோகும். எண்ணெயில் பொரித்த பூண்டில் அந்தக் காரம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. வாசனை மட்டும் மிஞ்சுகிறது.

நம்பிக்கை: குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சளி சேராது.

உண்மை: இது வங்காளத்தில் மட்டுமில்லை, நம் ஊரில் இன்னும் வலுவாக இருக்கிற பழக்கம். குளிப்பாட்ட வரும் பாட்டி காதில், மூக்கில், தொப்புளில் என்று எண்ணெய் விட்டுவிட்டு, மூக்கில் ஊதியும் விடுவாள். தண்ணீர் தொண்டையில் இறங்கினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் வழவழவென்று இருமலைக் கிளப்பாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அதைக் கரைக்க உடம்புக்கு வழியில்லை. அது தங்கி, சுற்றிலும் புண்ணாகி, எண்ணெய் நிமோனியாவாக மாறுகிறது. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு வரும் இந்த நிமோனியாவைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1973இலேயே கட்டுரை வந்துவிட்டது. ஐம்பது வருடம் கழித்தும் சொட்டு விடுகிறோம். சளியைத் தடுக்க விட்ட எண்ணெயே ஓயாத இருமலுக்குக் காரணமாக இருக்கும். அந்த இருமலுக்கு மறுபடி எண்ணெய் விடுவோம். கைக்குழந்தையின் மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும், அதுவே நல்லது.

நம்பிக்கை: அமெரிக்காவிலேயே கடுகெண்ணெய்க் குப்பியில் 'மேல்பூச்சுக்கு' என்று போட்டு விற்கிறார்கள். அப்படியானால் தேய்க்க நல்லதுதானே?

உண்மை: அந்த வரி சிபாரிசு இல்லை. கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் நிறைய இருப்பதால் அங்கே அதைச் சமையல் எண்ணெயாக விற்க அனுமதியில்லை. அதற்காக ஒட்டிய சீட்டு அது. பச்சிளம் குழந்தையின் தோலைப் பொறுத்தவரை, 2002இல் எலிகளிடம் செய்த ஒரு சோதனையில், புண்பட்ட தோல் ஆறுவதைக் கடுகெண்ணெய் தாமதப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் விரைவுபடுத்தியது. பிறகு டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் ரத்தத்தில் தொற்று ஏறுவது குறைந்தது. 2005இல் வெளிவந்த முடிவு. கடுகெண்ணெய் ஊறிய அதே வங்க மண்ணில் நடந்த வேலை என்பதால் மாசிமாவிடம் இதைச் சொல்ல எனக்கு எளிதாக இருந்தது.

நம்பிக்கை: மேலே தடவத்தானே, எந்த எண்ணெயாக இருந்தால் என்ன.

உண்மை: இந்த நகரத்தில் அதைச் சொல்லக் கூடாது. கடுகு வயலில் மஞ்சள் பூவோடு முளைக்கும் முள்செடி ஒன்று உண்டு. நாம் பிரமதண்டு என்போம். அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். கடுகோடு சேர்ந்து செக்கில் போனால், அந்த எண்ணெயைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் தளரும் நோய் வரும். கொள்ளை நோயாக அது முதலில் பதிவானதே கல்கத்தாவில், 1877இல். கடைசிப் பெரிய அலை 1998இல் டெல்லியில். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கலப்பட எண்ணெயை உடம்பில் தேய்த்துக்கொண்டவர்களுக்கும், தோல் வழியாகவே, இந்த நோய் வந்ததை 1985இல் மருத்துவர்கள் எழுதினார்கள். இங்கிருந்து அதிக தூரமில்லாத பெஹாலாவில் 1988இல் சமையல் எண்ணெயில் கலந்த ஒரு ரசாயனம் நூற்றுக்கணக்கானவர்களின் கைகால்களை முடக்கியது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் கடையில் முத்திரையைத் தடவிப் பார்த்துத்தான் பாட்டிலை வாங்குகிறார்கள். சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெய் வேண்டாம்.

இனி வலி. இங்கே என் குரல் மாறும், ஏனென்றால் பாட்டிமார்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்ன இடம் இது.

காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கி, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்தார். கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய் 1901இல் கம்பெனியாக்கிய பெங்கால் கெமிக்கல்ஸ், ஓமத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றது. மாசிமா வீட்டு அலமாரியில் அதைப் பார்த்த அன்று, இரண்டு வீடுகளும் அப்படி ஒன்றும் தூரமில்லை என்று பட்டது. ஓமம் வயிற்றுக்கு, தசைப்பிடிப்புக்குத் தைலம் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. நீவி விடும் கையின் அழுத்தம், வலிச்செய்தி மூளைக்கு ஏறுவதைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகிறது. 1965இல் மெல்சாக், வால் இருவரும் சொன்ன விளக்கம் இது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் யோசிக்காமல் தேய்ப்பதும் அதனால்தான். எண்ணெய் கையை வழுக்கவிடுகிறது. சூடு தசையைத் தளர்த்துகிறது.

விண்டர்கிரீன் தைலத்தில் மட்டும் உண்மையான மருந்தும் இருக்கிறது. அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. ஆகவே ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும், வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது. ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். குழந்தை எட்டாத, பூட்டிய அலமாரியில் அது இருக்க வேண்டும்.

எந்த எண்ணெயையும் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டிய நேரமும் உண்டு. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாசிமாவுக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சில குளிர்காலம் ஆனது. போன வாரம் கீழ்வீட்டுப் பெண் பிரசவம் முடிந்து பதினெட்டு நாள் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்கு லேசாக மூக்கடைப்பு. மாசிமா வழக்கம்போல் கடுகெண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். குழந்தையின் துணியை இழுத்துச் சரியாகப் போர்த்தினார். பிறகு தரையில் உட்கார்ந்து, தூக்கமில்லாமல் வாடிப்போயிருந்த அந்தத் தாயின் வீங்கிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் விரலை நனைத்தார்.